அகத்திக்கீரை மீதான விசாரணை

நோயிலிருந்து பிழைத்தவர்கள் எழுதும் கட்டுரைகளை நான் மதித்ததே இல்லை. முதல் பத்தியிலேயே மருத்துவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். இரண்டாம் பத்தியில் வாழ்க்கையின் அருமை அவர்களுக்குப் புரிந்துவிடும். வயிற்றுப்போக்குக்கு இரண்டு நாள் படுத்து எழுந்தவர்கூட மரணத்தின் வாசல்வரை போய்விட்டு வந்ததாகத்தான் எழுதுவார். எனக்கு நெஞ்செலும்பை அறுத்து, இதயத்தை நிறுத்தி, திறந்து, வால்வை மாற்றி, உள்சுவரைச் சுட்டுத் தைத்து மூடினார்கள். நான் எந்த வாசலையும் பார்க்கவில்லை. பச்சைத் துணி போர்த்திய விளக்கு ஒன்றைப் பார்த்தேன், அவ்வளவுதான். என் மனைவி செங்கமலம் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவன். மன்னார்குடியில் சொந்த வீடு. கொல்லையில் இரண்டு தென்னை, ஓர் அகத்தி. அப்பா காலத்து நிலத்தில் மிச்சமிருந்ததை விற்று மகன் ரகுவை கம்ப்யூட்டர் படிக்கவைத்தேன். அவனும் தெருவிலிருந்த மற்றப் பிள்ளைகளைப் போல நியூ ஜெர்சிக்குப் போனான். ஆபீசில் என் வேலை மனுக்களைப் படிப்பது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டுவிட்டு, பட்டா கைமாறிய பிறகு வந்து அழுகிறவர்கள் தினம் இரண்டு பேராவது வருவார்கள். "படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். அப்படிக் கேட்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

ஓய்வு பெற்ற வருடம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெப்பக்குளத்தைக் காலையில் ஒரு சுற்று நடப்பேன். எங்கள் ஊர்க் குளம் சின்னக் குளமில்லை. பாதிச் சுற்றில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டி வந்தது. மார்புக்குள் துடிப்பு ஒரு கணக்கில் இல்லை. மூன்று வேகமாக அடிக்கும், ஒன்றை விட்டுவிடும், பிறகு ஏழெட்டு ஒன்றாக வந்து விழும். உள்ளூர் டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரத்தில் என்ன தெரிந்ததோ, "தஞ்சாவூர் போயிடுங்க" என்றார். அவருக்கு எழுதத் தெரிந்த ஒரே மருந்துச்சீட்டு அதுதான்.

தஞ்சாவூரில் புறவழிச் சாலையில் கண்ணாடி பதித்து எழும்பியிருந்த மருத்துவமனைக்குப் போனோம். அந்த இடத்தின் சர்வே எண் எனக்குத் தெரியும். இருபோக நஞ்சையாக இருந்தது. தரிசு என்று எழுதி, மனை என்று மாற்றி, இப்போது வரவேற்பறையில் செயற்கை நீர்வீழ்ச்சி வைத்திருந்தார்கள். காவிரியில் தண்ணீர் வராத வருடங்களில் அந்த நீர்வீழ்ச்சி மட்டும் நிற்காமல் கொட்டியது. எதிரில் நாற்காலி நாற்காலியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். எல்லார் மடியிலும் அதே பிளாஸ்டிக் பை, அதே எக்ஸ்ரே உறை. பெயர் கூப்பிட்டதும் குடும்பமே எழுந்து ஓடும். உள்ளே போய் வாய் திறக்காமல் வெளியே வந்து, "என்ன சொன்னாரு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும்.

எனக்கு என்ன என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் தொண்டைப் புண்ணோடு ஒரு காய்ச்சல் வந்திருக்கிறது. அது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. வருடக்கணக்கில் வால்வு தடித்து, ஒட்டி, துருப்பிடித்த மதகு மாதிரி கொஞ்சமாகத்தான் திறக்கிறது. கீழே போக முடியாத இரத்தம் மேலறையில் தேங்கி, மேலறை வீங்குகிறது. வீங்கிய அறையில் மின்சாரம் தாறுமாறாகச் சுற்றுகிறது. அறை சுருங்கி விரிவதற்குப் பதிலாக வெறுமனே நடுங்குகிறது. அதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நடுங்குகிற அறையில் தேங்கும் இரத்தம் கட்டியாகலாம். கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும், அல்லது ஆளே போய்விடலாம். இதைத் தடுக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை. இரத்தம் உறைவதை மெதுவாக்கும். அதிகமானால் ஈறில் இரத்தம் வரும், குறைந்தால் கட்டி வரும். எங்கே நிற்கிறது என்று பார்க்க மாதாமாதம் ஐ.என்.ஆர். என்று ஓர் இரத்தப் பரிசோதனை.

வால்வை மாற்றியாக வேண்டும் என்றார்கள். ஆனால் எனக்கு அடுத்த வருடம் அறுபது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டுமென்று கும்பகோணத்து அண்ணன் ஏற்கெனவே சத்திரம் பேசிவிட்டார். ரகுவுக்கு விசா விஷயமாக அப்போதுதான் வர முடியும். ஆகவே என் இதயம் கல்யாணம் வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகக் குடும்பத்தில் முடிவாயிற்று. இதயத்தை யாரும் கேட்கவில்லை. நானும் சரி என்றேன்.

செங்கமலம் தன் பங்குக்கு ஏகாதசி விரதம் எடுத்தாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், சாமி விஷயத்தில் கணக்குத் தப்பாதவள். என் நெஞ்சு சரியாக வேண்டுமென்று மாதம் இரண்டு ஏகாதசிக்கும் பச்சைத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வாள். மறுநாள் துவாதசிக் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடுவதில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் இருந்தாக வேண்டும். கொல்லையில் மரம் இருக்கிறது, பஞ்சமில்லை. எனக்கு விரதத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தேங்காய் துருவிப் போட்ட அகத்திப் பொரியலில் நம்பிக்கை உண்டு. அன்று இரண்டு முறை போட்டுக்கொள்வேன், மிச்சத்தை மறுநாளும் தின்பேன்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த முதல் துவாதசி அன்று, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கினாள்.

"அகத்தி மருந்த முறிக்கும்னு சொல்லுவாங்களே. மாத்திர சாப்புடறீங்க. போடட்டுமா?"

"அது நாட்டு மருந்துக்குச் சொன்னது. இது இங்கிலீஷ் மருந்து. அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்கறப்ப ஒங்க அகத்தியக் கேட்டுக்கிட்டா கண்டுபிடிச்சான்? போடு பேசாம."

போட்டாள்.

அந்த ஒரு வருடமும் என் ஐ.என்.ஆர். ஒரு நிலையில் நிற்கவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. ஒரு மாதம் ஒன்றரைக்குக் கீழே இருக்கும், மாத்திரையைக் கூட்டுவார்கள். அடுத்த மாதம் பல் தேய்க்கும்போது இரத்தம் வரும், குறைப்பார்கள். நான் உள்ளூர் லேப்காரனைப் பிடித்துக்கொண்டேன். ஊசி பிடிக்கத் தெரியாதவன், பத்தாவதில் மூன்று தரம் உட்கார்ந்தவன், மெஷினைத் தவணையில் வாங்கிப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்க்கிறவன் என்றெல்லாம் அவன் எதிரிலேயே சொன்னேன். அவன் ஒவ்வொரு முறையும் இரண்டாவது தடவை சோதித்துப் பார்த்துவிட்டு, "அதே நம்பர்தான் சார் வருது" என்பான். பாவம், அவன் சரியாகத்தான் செய்திருக்கிறான்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தஞ்சாவூரில் ஓர் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். மார்பின் மேல் வைத்து எடுப்பது அல்ல, தொண்டை வழியாக உணவுக்குழாயில் ஒரு குழாயை விட்டு இதயத்தின் பின்பக்கத்திலிருந்து பார்ப்பது. தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தும் குமட்டல் நிற்கவில்லை. எடுத்த இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், பிறகு இன்னொருவரைக் கூப்பிட்டான். இருவரும் ஆங்கிலத்தில் பேசினால் எனக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார்கள். மேலறையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது.

வீட்டுக்கு அனுப்பவில்லை. வார்ஃபரினை நிறுத்தி, கையில் ஊசி குத்தி, ஹெப்பாரின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதுவும் இரத்தம் உறையாமல் தடுப்பதுதான், ஆனால் நிறுத்தினால் சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் அது. ஐந்தாம் நாள் ஆபரேஷன். அதுவரை கட்டி கிளம்பாமல் இருக்க வேண்டும்.

பெரிய டாக்டர் அன்று மாலை வந்தார். ஐந்து பேர் பின்னால் வர, சென்ட் வாசனை முன்னால் வந்தது.

"ஐயா, ஒங்க ஊர்ப் பக்கம் வயல்ல வரப்புப் போடுவாங்கல்ல, அது மாதிரி நெனச்சுக்குங்க..."

தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் எதையும் வயலை வைத்துத்தான் விளக்க வேண்டும் என்று இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. "டாக்டர், வரப்பு தண்ணியத் தேக்கறதுக்கு. எனக்குத் தேங்கறதுதான் வியாதி. நேராச் சொல்லுங்க," என்றேன். பின்னால் நின்ற பயிற்சி டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் சிரித்துவிட்டு நேராகச் சொன்னார். அதற்காக அவருக்கு ஒரு மார்க் போடலாம்.

வால்வை மாற்ற எப்படியும் இதயத்தைத் திறக்கப் போகிறார்கள். திறந்ததோடு, கட்டியை எடுத்துவிட்டு, சூடான முனை வைத்த பேனா போன்ற ஒரு கருவியால் மேலறையின் உள்சுவரில் கோடு கோடாகச் சுட்டுவிடுவார்கள். அதற்கு அப்லேஷன் என்று பெயர். சுட்ட இடம் தழும்பாகும். தழும்பில் மின்சாரம் பாயாது. சுற்றிக்கொண்டிருக்க இடமில்லாமல் மின்சாரம் ஒழுங்கான வழியில் போகும், துடிப்பு திரும்பும். மேலறை ஓரத்தில் காதுமடல் மாதிரி ஒரு பை தொங்குகிறது, கட்டி பிறக்கிற இடம் அதுதான், அதையும் தைத்து மூடிவிடுவார்கள். இதனால் ஆபரேஷன் நேரம் கூடும். சிலருக்குத் துடிப்பு ரொம்பக் குறைந்து பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். சிலருக்குப் பழைய நடுக்கமே திரும்ப வரும். நின்றதா இல்லையா என்பது சில மாதம் போன பிறகுதான் தெரியும். வைக்கப்போவது உலோக வால்வு, ஆகவே வார்ஃபரின் ஆயுசுக்கும் உண்டு.

"சாகறதுக்கு வாய்ப்பு?" என்று கேட்டேன்.

"இருக்கு ஐயா. கட்டி இருக்கறதால கொஞ்சம் கூடவே இருக்கு."

செங்கமலம் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் சிஸ்டர் எஸ்தர் வந்தாள். பொறையாறு பக்கம், லுத்தரன் குடும்பம். வெளிநாட்டுக்குப் போகப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண். மேசைக்கடியில் ஆங்கில இலக்கணப் புத்தகம் வைத்திருப்பாள். அந்த மருத்துவமனையில் கேட்ட கேள்விக்குப் பதிலை எழுதிக்கொள்வதற்கு முன்னால் யோசித்த ஒரே ஆள் அவள்தான். என் ஐ.என்.ஆர். புத்தகத்தைப் புரட்டியபடி, என்னை விட்டுவிட்டு செங்கமலத்திடம் கேட்டாள்.

"அம்மா, சாருக்கு வீட்டுல கீரை அடிக்கடி செய்வீங்களா?"

"அடிக்கடி இல்லீங்க. துவாதசிக்கு மட்டும் அகத்தி."

"துவாதசின்னா? எப்ப வரும்மா அது?"

"ஏகாதசிக்கு மறுநாள். மாசத்துக்கு ரெண்டு."

எஸ்தர் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் என் ஐ.என்.ஆர். இறங்கியிருந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். செங்கமலம் காலண்டரைத் திருப்பித் திருப்பி விரல் வைத்தாள். எஸ்தர் படித்த ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு மூன்று நாள் முன்னால் விரல் நின்றது. ஐந்தாவது தேதியில் செங்கமலம் விரலை எடுத்துவிட்டாள். ஒரு வருடமாக நானும் மூன்று டாக்டர்களும் கண்டுபிடிக்காததை இரண்டு பெண்கள் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"கீரையில ஒரு சத்து இருக்கும்மா. ரத்தத்த ஒறைய வைக்கும். இந்த மாத்திரைக்கு நேர் எதிரி. அளவாத் தினம் சாப்புட்டாக்கூட அதுக்குத் தகுந்த மாதிரி டோஸ் குடுத்துடுவோம். இப்படித் திடீர்னு ஒரு நாள் நெறைய சாப்புட்டா மாத்திரை கேக்காது. ஒங்களுக்குச் சீட்டு குடுக்கலியா? மாத்திரை ஆரம்பிக்கறப்ப எல்லாருக்கும் குடுப்போமே."

செங்கமலம் என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றேன்.

"அப்ப எங்க தப்பாத்தான் இருக்கும். அப்ப இருந்த சிஸ்டர் இப்ப அயர்லாந்து போயிட்டாங்க," என்றாள் எஸ்தர்.

சீட்டு கொடுத்தார்கள். அந்த முதல் துவாதசிக்கு அடுத்த வாரம், மாத்திரை வாங்கப் போனபோது, இப்போது அயர்லாந்தில் இருக்கும் பெண் என் கையிலேயே கொடுத்தாள். கீரை வகைகள் என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தாள். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிக்கு வருகிற பஸ்ஸில் அதை முழுக்கப் படித்தேன், இரண்டு எழுத்துப்பிழை கண்டுபிடித்தேன். மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் வீட்டு வரி ரசீதுகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு பிடி கீரை என்ன செய்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த துவாதசிக்கு அவள் போட்டாள், நான் தின்றேன்.

மறுநாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் வந்தார்கள். இந்த இனத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, எதிர்க் கட்டிலில் யார் செத்தார் என்று விசாரித்து, தன் சர்க்கரை அளவைச் சொல்லி, கேன்டீன் காபியைக் குறை சொல்லிவிட்டு, கடைசியில் நோயாளியைத் தைரியமாக இருக்கச் சொல்வார்கள். குத்தாலத்திலிருந்து வந்த என் மைத்துனன், நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, நெஞ்சைத் திறந்த பிறகு எழுந்திருக்காத மூன்று பேரின் பெயரைச் சொன்னான். அண்ணன் எல்லாரையும் மிஞ்சினார். செய்தி எப்படிப் போயிற்றோ, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

"வீட்டுச் சாப்பாடே வெஷமாப் போச்சேடா. நெஞ்சு வியாதிக்காரனுக்கு அகத்தியப் போடலாமான்னு ஒரு பொம்பளைக்குத் தெரிய வேணாம்?"

ரகு போனில் அழைத்தான். அங்கே இணையத்தில் படித்ததை எல்லாம் எனக்கு இங்கே படித்துக் காட்டினான். பிறகு, "அம்மாவோட மூடநம்பிக்கைதான்ப்பா எல்லாத்துக்கும் காரணம். விரதம் அது இதுன்னு..." என்றான். செல்போன் சத்தமாகக் கேட்கும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாய் மூடி இருந்தவன் இல்லை. முப்பது வருடமாகக் கலெக்டர் முதல் தலையாரி வரை யார் தப்பாகப் பேசினாலும் முகத்துக்கு நேராகத் திருத்தியிருக்கிறேன். அந்த நாலு நாள் ஒருவரையும் திருத்தவில்லை. ஹெப்பாரின் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை எஸ்தர் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "சார், அம்மா எதுவும் சாப்புடறது இல்ல. டிபன் பொட்டலத்தப் பிரிக்காம ஆயாகிட்ட குடுத்துடறாங்க. வெறும் காபிதான்."

செங்கமலத்தைக் கேட்டேன். பசிக்கவில்லை என்றாள். திட்டினேன். அப்புறம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கே தோணுச்சு. தோணுனதுக்கு அப்பறமும் போட்டேனே."

அப்போது சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்ததோடு, சொன்னால் இவள் எப்படிப் பார்ப்பாள் என்ற நினைப்பும் வந்தது. தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். என்னைப் போன்ற ஒருவன் என் மேசைக்கு முன்னால் மனுவோடு வந்திருந்தால் நாயைப் போல விரட்டியிருப்பேன்.

நாலாம் நாள் நாவிதர் வந்து மார்பு முழுக்க மழித்தார். தூக்கமருந்து கொடுத்தும் தூக்கம் வரவில்லை. பயம் என்பதை நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். அது மனத்தில் இருக்கும் என்று நினைத்தேன். அது உள்ளங்காலில் இருந்தது. செத்துப்போவதைப் பற்றி யோசித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நாளைக்கு நான் ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டால், இவள் இருக்கிற காலம் முழுக்க என்னைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டிருப்பாள். அண்ணன் அதை வருடா வருடம் திவசத்தன்று நினைவுபடுத்துவார். உண்மை வீட்டு வரி ரசீதுக்கு அடியில் கிடக்கும்.

காலையில் பச்சை அங்கி மாட்டி, ட்ராலியில் படுக்கவைத்து, லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அண்ணன் திருநீறும் துளசியும் கொண்டுவந்திருந்தார். லிஃப்ட் மேல்மாடியில் நின்றிருந்தது. நான் செங்கமலத்தின் புடவையைப் பிடித்து இழுத்தேன். குனிந்தாள்.

"சீட்டு குடுத்தாங்க," என்றேன்.

"என்ன சீட்டு?"

"கீரை சாப்புடக் கூடாதுன்னு. போன வருஷமே. படிச்சேன். பீரோவுல இருக்கு. ஒன் மேல தப்பில்ல."

அவள் நிமிரவில்லை. முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"நாலு நாளா?"

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. அவள் தாழ்ந்த குரலில், அண்ணனுக்குக் கேட்காத மாதிரி சொன்னாள். "செத்துடுவோமோன்னு பயம். அதான் இப்ப சொல்றீங்க. பயம் இல்லன்னா கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டீங்க." புடவையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டாள். "போயிட்டு வாங்க. அப்பறம் பேசிக்கிறேன்."

அதோடு என்னை உள்ளே தள்ளினார்கள்.

எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், நெஞ்சில் இரண்டு குழாய், எல்லா மெஷினும் என் பெயரில் கத்திக்கொண்டிருந்தன. இருமச் சொன்னார்கள். இருமினால் பிளந்த எலும்பு திரும்பப் பிளக்கிற மாதிரி வலித்தது. தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வித்தையைக் கற்க அறுபது வயது ஆயிற்று. தொண்டைக் குழாயை எடுத்ததும் எஸ்தரிடம் முதலில் கேட்டது செங்கமலம் எங்கே என்று.

"அம்மாவா? ஒங்கள உள்ள அனுப்புனதும் நேரா கேன்டீன் போனாங்க சார். மூணு தோசை சாப்புட்டாங்க. நானே பாத்தேன்."

அப்லேஷன் வேலை செய்ததா என்பது உடனே தெரியவில்லை. முதல் வாரம் துடிப்பு ஒழுங்காக வந்தது, இரண்டாம் வாரம் பழைய நடுக்கம் வந்தது, மாத்திரை மாற்றினார்கள், போயிற்று. தழும்பு ஆறும்வரை இப்படித்தான் இருக்கும் என்றார் பெரிய டாக்டர். சில மாதம் கழித்து ஒரு நாள் முழுக்க மார்பில் ஒரு மெஷினைக் கட்டி அனுப்பினார்கள். அதில் நடுக்கம் இல்லை. "இப்போதைக்கு" என்று அவர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். தெப்பக்குளத்தை இப்போது நிற்காமல் சுற்றுகிறேன்.

அறுபதாம் கல்யாணத்துக்கு அண்ணன் மறுபடி சத்திரம் பேச வந்தார். ரகுவும் குடும்பத்தோடு வந்திருந்தான். கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது அண்ணன் சிரித்துக்கொண்டே, "செங்கமலம், அன்னிக்கு விருந்துல கீரை மட்டும் போட்டுடாத," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரகுவும் சிரித்தான். நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு செங்கமலம் பீரோவைத் திறந்தாள். சீட்டை எடுத்து என் மடியில் போட்டாள்.

"மாலை மாத்திக்கறது அப்பறம் இருக்கட்டும். நடந்தது எல்லாத்தயும் எழுதுங்க. எழுதி, அண்ணனுக்கு ஒண்ணு, ரகுவுக்கு ஒண்ணு, எல்லாருக்கும் அனுப்புங்க. வாயால சொன்னா செல்லாது, எழுத்துல குடுன்னு ஆபீசுல கேப்பீங்களே. எனக்கும் எழுத்துல குடுங்க."

எழுதினேன். இதுவரை நீங்கள் படித்ததை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். டாக்டரை வரப்பு விஷயத்தில் மடக்கிய இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. லிஃப்ட் வாசலில் அவள் சொன்னதை வாசித்தபோது முறத்தைக் கீழே வைத்தாள். முடித்ததும் சொன்னாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. சீட்ட ஒளிச்சது வரைக்கும் எழுதியிருக்கீங்க. ஏன் ஒளிச்சீங்கன்னு எழுதல."

"மறந்துட்டேன்னு இருக்கே."

"அது லிஃப்டுகிட்ட சொன்னது. ஏன்னு கேக்கறேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆகவே அதையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்று தபாலில் சேர்க்கிறேன். அகத்தி மருந்தை முறிக்கும் என்று எட்டாம் வகுப்பு படித்தவள் சொன்னாள். நான் சிரித்தேன். ஒரு வாரம் கழித்து வந்த அந்தச் சீட்டில், அவள் சொன்னதே அச்சில் இருந்தது. அதை அவளிடம் காட்டுவதைவிட, கீரையைத் தின்பது எனக்குச் சுலபமாக இருந்தது.